அம்மாவுடன் முதல்முறை ஆஸ்திரேலியா: மெல்பர்னா, சிட்னியா? எங்கே தங்கலாம், எதைக் காட்டலாம்?

செங்காங் புவனா

எல்லாருக்கும் வணக்கம். வரும் ஜூன் பள்ளி விடுமுறையில் அம்மாவை ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துப் போக ஆசை. நான், அம்மா, உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள், இவ்வளவு பேர்தான். கணவருக்கு அந்த மாதம் விடுப்பு கிடைக்காது. ஒரு வாரம் தங்க முடியும்.

அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், யோசனை சொல்ல வசதியாக இருக்கும். 68 வயது. சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். முழங்கால் தேய்மானம் உண்டு. சமதரையில் மெதுவாக நடந்துவிடுவார், படி ஏறக் கைப்பிடி வேண்டும். கல்யாணமாகி மன்னார்குடியிலிருந்து சிங்கப்பூர் வந்தவர். ஊரையும் மலேசியாவையும் தவிர வேறெங்கும் போனதில்லை. அப்பா போன பிறகு பெரும்பாலும் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். தேக்கா சந்தை, சனிக்கிழமை சிராங்கூன் சாலை பெருமாள் கோயில், அதோடு சரி. முன்பெல்லாம் புளோக்குக்குக் கீழே போனால் யாரோடாவது அரைமணி நேரம் பேசாமல் மேலே வரமாட்டார். மலாய்க்காரப் பாட்டியிடம் மலாய், காய்கறிக்காரரிடம் அரைகுறை ஹொக்கியன். அந்த அம்மாவை மறுபடி பார்க்க வேண்டும் என்றுதான் இந்தப் பயணமே.

அலுவலகத்தில் கேட்டால் எல்லாரும் சிட்னி, ஓப்பரா ஹவுஸ், துறைமுகப் பாலம் என்கிறார்கள். அம்மா கட்டடத்தை நின்று ரசிப்பவர் இல்லை. சந்தை, கோயில், நாலு பேர் முகம், இதுதான் அவருக்குப் பிடிக்கும். மகளுக்கு எங்கே போனாலும் சம்மதம்.

மெல்பர்னா சிட்னியா, எந்தப் பக்கம் தங்குவது, சாப்பாட்டுக்கு என்ன வழி, குளிர் தாங்குமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று, அம்மா இங்கே நிரந்தரவாசி, கடப்பிதழ் இந்தியாவுடையது. நானும் மகளும் குடிமக்கள். விசா வேறு வேறாக எடுக்க வேண்டுமா?

ஈசூன் விஜயா

புவனா, மெல்பர்ன் போங்கள். என் மகள் படிக்கப் போய் அங்கேயே வேலை கிடைத்து கிளேட்டனில் குடியிருக்கிறாள். வருடா வருடம் போய் இருந்துவிட்டு வருகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஆனால் நகர நடுவிலேயே சுற்றிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். நீங்கள் வருணித்த அம்மாவுக்கு ஏற்ற மெல்பர்ன், ரயிலேறி அரைமணி, முக்கால் மணி போனால் வருகிற பேட்டைகளில் இருக்கிறது.

தென்கிழக்கே போகும் பாக்கென்ஹம் ரயில், கிரான்போர்ன் ரயில் இரண்டும் டான்டினாங் வரை ஒரே பாதையில் ஓடுகின்றன. அந்தப் பாதையில் ஓக்லி, கிளேட்டன், ஸ்பிரிங்வேல், நோபிள் பார்க், டான்டினாங் என்று வரிசையாக வரும். எது முதலில் வந்தாலும் ஏறலாம். ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கிப் பாருங்கள், கடைப் பலகையின் எழுத்தே மாறிவிடும்.

ஓக்லி கிரேக்கர்களின் இடம். நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஈட்டன் மால் என்று வண்டிகள் வராத ஒரு கடைத்தெரு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மெல்பர்னுக்கு வந்த கிரேக்கர்கள் ஏராளம். அப்படி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அங்கே ஒரு கோப்பைக் காப்பியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். கறுப்புடை உடுத்திய பாட்டிகளைப் பார்க்கலாம். உங்கள் அம்மாவை அங்கே ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் காப்பி வாங்கப் போங்கள். திரும்பி வருவதற்குள் பக்கத்து மேசையில் பேச்சு தொடங்கியிருக்கும். அந்தப் பாட்டிகளுக்கும் ஆங்கிலம் பாதிதான், உங்கள் அம்மாவுக்கும் பாதிதான் என்றால் இன்னும் சுலபம்! லூக்குமாடெஸ் என்று மாவை உருண்டையாகப் பொரித்துத் தேனும் பட்டைத்தூளும் தூவித் தருவார்கள், அதை வாங்கிக் கொடுங்கள். முட்டை சேர்க்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கீரை வைத்த ஸ்பனகோப்பிட்டாவைச் சைவம் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள், உள்ளே பாலாடைக்கட்டியோடு முட்டையும் கலப்பது வழக்கம்.

ஸ்பிரிங்வேலில் வியட்நாமியர், கம்போடியர், சீனர். ஏன் குறிப்பாக அங்கே என்று எனக்குத் தோன்றியதுண்டு. அரசாங்கம் நடத்திய எண்டர்பிரைஸ் என்ற குடியேறிகள் விடுதி அந்தப் பேட்டையில் இருந்திருக்கிறது. வியட்நாம் போருக்குப் பிறகு வந்த அகதிகளில் பலர் முதலில் தங்கியது அங்கேதான். 1992-ல் விடுதியை மூடிவிட்டார்கள். ஆனால் வெளியே வந்தவர்கள் தூரம் போகவில்லை, பக்கத்துத் தெருவில் வாடகைக்கு வீடு பிடித்து, மளிகைக்கடை போட்டு, அப்படியே ஊராகிவிட்டது. டான்டினாங்கிலும் இதே மாதிரிதான். 1950களில் கார், உணவு, லாரி ஆலைகள் வந்தன, ஆலைக்கு ஆள் வந்தார்கள், ஆளைத் தேடி உறவினர் வந்தார்கள்.

நம்மூரில் 1989 முதல் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், ஒவ்வொரு புளோக்கிலும் இன விகிதம் பார்த்துத்தான் வீடு தருகிறது. அதனால் ஒரு பேட்டை முழுக்க ஒரே நாட்டுக்காரர்கள் குடியிருப்பதை நம் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. இரண்டில் எது நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் மகளுக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படட்டும். உயர்நிலை இரண்டு என்றால் அவளே நிறையக் கேள்வி கேட்பாள்.

டான்டினாங்குக்கு ஒரு முழு நாள் வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்துக்கு எதிரே ஃபாஸ்டர் ஸ்திரீட்டில் லிட்டில் இந்தியா. சேலை, நகை, இனிப்பு, மளிகை எல்லாம் இருக்கும், வடநாட்டுக் கடைகள்தான் அதிகம். அதைவிட எனக்குப் பிடித்தது தாமஸ் ஸ்திரீட்டில் உள்ள ஆப்கான் பஜார். நீளநீளமாகச் சுட்ட ரொட்டியைச் சூடாக வாங்கலாம். போலானி என்று உருளைக்கிழங்கோ வெங்காயத்தாளோ உள்ளே வைத்துச் சுட்ட ரொட்டியும் கிடைக்கும், சைவக்காரர்களுக்கு வயிறு நிறையும். டான்டினாங் சந்தை 1866-லிருந்து நடக்கிறது. செவ்வாய், வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் திறந்திருக்கும், மற்ற நாளில் போய் ஏமாற வேண்டாம்.

இலங்கைத் தமிழர்கள் இந்தப் பகுதி முழுக்கப் பரவி இருக்கிறார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு வந்த குடும்பங்கள் பல. 2021 கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் ஆஸ்திரேலியா முழுக்க 95 ஆயிரத்துக்கும் மேல். ஒரு மளிகைக்கடையில் நான் சிவப்பு அரிசி மா எடுத்துக்கொண்டிருந்தபோது கடைக்கார அம்மா, “நீங்கள் எங்கையிருந்து வாறீங்கள்?” என்று கேட்டார். சிங்கப்பூர் என்றதும் கல்லாவை விட்டுவிட்டு வந்து இடியப்ப உரல் முதல் பிள்ளைகள் கல்யாணம் வரை பேசினார். பின்னால் வரிசையில் நின்ற யாரும் முகம் சுளிக்கவில்லை. உங்கள் அம்மாவுக்கு இப்படி ஒரு காலைப்பொழுது கிடைக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

நகரத்திலும் ஓர் இடத்தைத் தவறவிடாதீர்கள்: ஃபிளிண்டர்ஸ் ஸ்திரீட்டில் பழைய சுங்கக் கட்டடத்தில் இருக்கும் குடியேற்ற அருங்காட்சியகம். இன்று இத்தனை நாட்டவரும் வாழும் அதே நாடு, 1901-ல் சட்டம் போட்டு ஆசியர்களை உள்ளே விடாமல் தடுத்தது. சட்டத்தில் நிறம், இனம் என்று எழுதவில்லை, ‘சொல்வதெழுதல்’ தேர்வு என்று வைத்தார்கள். அதிகாரி ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொல் படிப்பார், வந்தவர் எழுத வேண்டும். எந்த மொழி என்று அதிகாரிதான் முடிவு செய்வார். வேண்டாதவருக்குத் தெரியாத மொழியாகப் பார்த்து எடுப்பார்கள். 1934-ல் எகான் கிஷ் என்ற பிராக் நகர எழுத்தாளருக்குப் பல ஐரோப்பிய மொழிகள் தெரிந்திருந்ததால், ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். உயர்நீதிமன்றம் வரை போய் அது செல்லாது என்று ஆனது. அந்தத் தேர்வு 1958 வரை சட்டத்தில் இருந்தது, வெள்ளையர் கொள்கை முழுதாக ஒழிந்தது 1973-ல். இதையெல்லாம் பார்த்துவிட்டு அப்புறம் ஸ்பிரிங்வேலில் போய் நில்லுங்கள். அந்தக் கடைப் பலகைகளைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிடும். மகளை அங்கே அவசரப்படுத்தாதீர்கள்.

தங்குவதற்கு நகரத்தில் ஸ்டேட் லைப்ரரி பக்கம் சமையலறை உள்ள அறை எடுங்கள். மெட்ரோ டனல் என்ற சுரங்க ரயில் பாதை திறந்த பிறகு நான் சொன்ன ரயில்கள் ஸ்டேட் லைப்ரரி, டவுன் ஹால் நிலையங்கள் வழியாகப் போகின்றன, புது நிலையங்கள், மின்தூக்கி உண்டு. குவீன் விக்டோரியா சந்தையும் கிட்டத்தில்தான். அது திங்களும் புதனும் மூடியிருக்கும். காய்கறி வாங்கி ஒரு ரசம், ஒரு பொரியல் செய்துகொண்டால் அம்மாவுக்கு வயிறும் கெடாது.

குளிரைப் பற்றி: ஜூனில் பகலில் 14 டிகிரி, இரவில் 6, 7. காற்றடித்தால் அதற்கும் கீழே மாதிரி இருக்கும். ஒரே தடித்த ஜாக்கெட்டை நம்பாமல் உள்ளே மெல்லியதாக இரண்டு அடுக்கு போடச் சொல்லுங்கள். ரயிலிலும் கடையிலும் சூடாக இருக்கும், கழற்ற வசதி. பொழுது மாலை ஐந்து மணிக்கு மேல் சாய்ந்துவிடும். பேட்டைக் கடைகள் பலவும் அதே நேரத்தில் மூடிவிடும். காலை பத்துக்குக் கிளம்பி நாலரைக்குத் திரும்புகிற மாதிரி திட்டம் போடுங்கள்.

ஜுரோங் அன்பு

விஜயா அக்கா சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஏழரை மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து போவது, இங்கே கிடைக்காததைப் பார்க்கத்தானே? சேலைக்கடையும் மளிகைக்கடையும் அம்மா வாராவாரம் தேக்காவில் பார்க்கிறார். நாம் வாழ்வது ஒரு சின்னத் தீவில். அகன்ற நிலமும், ஆள் சத்தமே இல்லாத காடும், உண்மையான குளிரும் நம் பெரியவர்களுக்கு எப்போது கிடைக்கப்போகிறது?

ஃபிலிப் தீவுக்குப் போய் பென்குவின் பாருங்கள். மெல்பர்னிலிருந்து 140 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். ரயில் கிடையாது, நகரத்திலிருந்து பேருந்துச் சுற்றுலாவில் போகலாம். உலகத்திலேயே சின்ன பென்குவின் இனம் அது, உயரம் ஓர் அடிக்குக் கொஞ்சம் மேல், எடை ஏறத்தாழ ஒரு கிலோ. பகல் முழுக்கக் கடலில் மீன் பிடித்துவிட்டு, இருட்டியதும் கூட்டம் கூட்டமாகக் கரையேறி வளைக்குத் திரும்பும். வருடம் முழுக்க எல்லா இரவும் வரும். கோடையில் எண்ணிக்கை அதிகம். ஆனால் கோடையில் சூரியன் மறையவே ஒன்பது மணி ஆகிவிடும், நகரத்துக்குத் திரும்ப நள்ளிரவு. ஜூனில் ஐந்தேகாலுக்குள் சூரியன் மறைந்துவிடுவதால் ஒன்பது மணிக்கெல்லாம் அறைக்கு வந்துவிடலாம். வயதானவர்களோடு போக ஜூன்தான் சரி. கடற்கரைக் காற்று எலும்பைத் துளைக்கும், குல்லாய், கையுறை, கம்பளி எல்லாம் கட்டாயம். படம் எடுக்க அனுமதி இல்லை, மகளிடம் முன்பே சொல்லி வையுங்கள். வெளிச்சம் பட்டால் அவை மிரண்டு கடலுக்கே திரும்பிவிடும்.

அப்புறம் பஃபிங் பில்லி. 1900-லிருந்து இருக்கும் நீராவி ரயில் பாதை. பெல்கிரேவ் வரை சாதாரண ரயிலில் போய் அங்கே மாறலாம். மரப்பாலத்தின் மேல் வளைந்து போகும்போது பெட்டியின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காருவார்கள், மகள் விடமாட்டாள். அம்மா உள்ளே இருக்கையில் உட்கார்ந்து பார்க்கலாம். அந்தப் பாதை போகும் மலையில் மவுண்டன் ஆஷ் என்ற யூக்கலிப்டஸ் மரங்கள் உண்டு, பூக்கும் தாவரங்களிலேயே உலகில் மிக உயரமாக வளரும் இனம். அடியில் ஆளுயரப் பெரணி. எங்கள் அப்பா அந்தக் காட்டில் ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். நிறையப் பேசுகிறவர் அவர்.

கிரேட் ஓஷன் ரோட்டை மட்டும் விட்டுவிடுங்கள். போருக்குப் போய்த் திரும்பிய வீரர்கள் 1919 முதல் 1932 வரை கையால் வெட்டிப் போட்ட சாலை, அழகுதான். ஆனால் பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகள் வரை போய் ஒரே நாளில் திரும்புவது முழங்கால் வலிக்காரருக்குத் தண்டனை. ஜூனில் பாதி வழி இருட்டில் போய்விடும்.

தெம்பனிஸ் ரவி

சிட்னியை யாரும் கண்டுகொள்ளவில்லையே! அங்கே விமான நிலையத்திலிருந்தே ரயில் இருக்கிறது, மெல்பர்னில் அது கிடையாது. ஜூனில் பகல் 17 டிகிரி வரை போகும், மெல்பர்னைவிட இதமானது. பாரமட்டா பக்கத்தில் ஹாரிஸ் பார்க் என்ற பேட்டை, விக்ரம் ஸ்திரீட் முழுக்க நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகள், தோசை, சாட், எல்லாம். மேஸ் ஹில்லில் முருகன் கோயில், நல்ல தமிழ்க் கூட்டம். மேன்லிக்குப் படகில் அரைமணி. பாலமும் ஓப்பரா ஹவுஸும் படகில் உட்கார்ந்தபடியே தெரியும், தனியாக அதற்கென்று நடக்கத் தேவையில்லை. மேடுபள்ளமும் படிகளும் மெல்பர்னைவிட அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அம்மாவின் கால்தான் முதல் கவலை என்றால் மெல்பர்னே சரி.

கோவன் செல்வி

விசா பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். நீங்களும் மகளும் சிங்கப்பூர்க் கடப்பிதழ் என்பதால் ஈடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி போதும். அதற்கென்று கைப்பேசிச் செயலி இருக்கிறது, சேவைக் கட்டணம் 20 ஆஸ்திரேலிய டாலர். அம்மாவின் இந்தியக் கடப்பிதழுக்கு ஈடிஏ கிடைக்காது. நிரந்தரவாசியாக இருந்தாலும் கிடைக்காது. 600 வகை வருகையாளர் விசாவுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கு விவரம், நீங்கள் செலவை ஏற்பதாக ஒரு கடிதம், உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ், அவர் இங்கே வசிப்பதற்கான ஆதாரம் எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். இன்றே தொடங்குங்கள், விசா வந்த பிறகு பயணச்சீட்டு எடுங்கள். அம்மாவின் மறுநுழைவு அனுமதி எந்தத் தேதிவரை செல்லும் என்பதையும் பாருங்கள். அது காலாவதியான நிலையில் வெளிநாடு போனால் நிரந்தரவாசத்துக்கே சிக்கல்.

சாப்பாட்டுப் பொருள் விஷயத்தில் ஆஸ்திரேலியா மிகக் கண்டிப்பு. கறிவேப்பிலை, பழம், பச்சைக் காய், விதை எதையும் பையில் போடாதீர்கள். இட்லிப் பொடி, ஊறுகாய், அப்பளம் எதுவாக இருந்தாலும் நுழைவு அட்டையில் உணவு இருக்கிறது என்று ‘ஆம்’ போட்டு அதிகாரியிடம் காட்டுங்கள். காட்டினால் பார்த்துவிட்டு விடுவார்கள், இல்லாவிட்டால் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மறைத்தால்தான் அபராதம், அதுவும் பெரிய தொகை. அம்மாவின் கைப்பையில் கோயில் பிரசாதம், பூ, வெற்றிலை, ஒரு எலுமிச்சை இருக்கிறதா என்று சாங்கியிலேயே பார்த்துவிடுங்கள். நம் அம்மாக்கள் பையில் எதுவும் இருக்கும். மாத்திரைகளை மருந்துக் கடை உறையோடும் மருத்துவர் சீட்டோடும் கொண்டு போங்கள், மூன்று மாத அளவு வரை அனுமதி.

செங்காங் புவனா

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. செல்வி, விசா விஷயம் சொன்னது பெரிய உதவி, இன்று இரவே விண்ணப்பத்தைத் தொடங்குகிறேன். மெல்பர்ன் என்று முடிவு செய்துவிட்டோம். அன்பு அண்ணன் எழுதியதைப் படித்ததும் மகள் பென்குவின்தான் வேண்டும் என்கிறாள். விஜயா அக்கா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “அந்தக் கடைக்காரம்மா எந்த ஊராம், யாழ்ப்பாணமா மட்டக்களப்பா?” என்று கேட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவராக ஒரு கேள்வி.

அக்கா, இரண்டு சந்தேகம். டிராமில் படி உயரமாக இருக்கும் என்று தோழி பயமுறுத்துகிறாள். அம்மாவால் ஏற முடியுமா? அங்கே சிவனும் பெருமாளும் சேர்ந்த கோயில் ஒன்று இருக்கிறதாமே, எப்படிப் போவது?

ஈசூன் விஜயா

யாழ்ப்பாணம் பக்கம் சாவகச்சேரி என்று சொன்னதாக நினைவு, அம்மாவிடம் சொல்லுங்கள்.

முதலில் அன்புத் தம்பிக்கு. பென்குவினையும் ஜூன் கணக்கையும் முழுதாக ஏற்கிறேன், போகட்டும். தேக்காவில் பார்க்கிறதுதானே என்கிறீர்களே, அதை மட்டும் ஏற்க முடியாது. கிரேக்கப் பாட்டி தேக்காவில் இல்லை, ஆப்கானிய ரொட்டி அடுப்பும் இல்லை. நான் மருத்துவமனை வார்டில் வேலை பார்த்தவள். துணையை இழந்த பெண்கள் வீட்டுக்குள் ஒடுங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன். காடும் கடலும் அவர்களுக்கு ஆறுதல் தரும், சரி. ஆனால் வாயைத் திறக்க வைப்பது இன்னொரு மனிதர் கேட்கும் கேள்விதான். அதனால்தான் பேட்டைகளை முதல் இரண்டு மூன்று நாளில் வையுங்கள், பென்குவினை அதற்குப் பிறகு. வந்த களைப்போடு நாலு மணி நேரம் பேருந்தில் உட்கார வைக்காதீர்கள்.

டிராம் பற்றி உங்கள் தோழி சொன்னது உண்மை. பழைய டிராம்கள் பலவற்றில் இரண்டு மூன்று படி உயரமாக ஏற வேண்டும். சில நிறுத்தங்களில் மேடை கிடையாது, சாலை நடுவிலிருந்து ஏறுவது போல இருக்கும். நகரைச் சுற்றும் 35-ஆம் எண் பாரம்பரிய டிராம் அழகுதான், இலவசமும்கூட, ஆனால் அதிலும் படிதான். தாழ்தள டிராம் வரும்வரை காத்திருங்கள். நீளமாக, கதவு மேடைக்குச் சமமாக இருக்கும், பார்த்ததும் தெரியும். செயின்ட் கில்டா கடற்கரைக்குப் போகும் 96 தாழ்தள வண்டி. நகர நடுவில் குறிப்பிட்ட எல்லைக்குள் டிராம் எல்லாமே இலவசம், அட்டை தட்டத் தேவையில்லை. எல்லையைத் தாண்டினால் மைக்கி அட்டை வேண்டும், நம் ஈசி-லிங்க் மாதிரி. ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் தட்டுங்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்காது என்று உச்சவரம்பு இருக்கிறது, வார இறுதியில் அது இன்னும் குறைவு. டான்டினாங் வரை போய்வர வார இறுதியே லாபம்.

விமான நிலையத்திலிருந்து வர ஸ்கைபஸ் இருக்கிறது, சதர்ன் கிராஸ் நிலையத்தில் விடும். மூன்று பேருக்குச் சீட்டு எடுத்து, பெட்டிகளை இழுத்து, அங்கிருந்து மறுபடி வண்டி மாறுவதற்கு வாடகைக் காரே மேல். கிராப் அங்கே கிடையாது, ஊபர் இருக்கிறது. விமானச் சீட்டு எடுக்கும்போதே அம்மாவுக்குச் சக்கர நாற்காலி உதவி கேட்டுவிடுங்கள். அவர் வேண்டாம் என்பார். குடிநுழைவு வரிசையில் நிற்கிற நேரத்தை நினைத்துப் பார்த்து நீங்களே பதிவு செய்துவிடுங்கள்.

கோயில் கேரம் டவுன்ஸில் இருக்கிறது, ஸ்ரீ சிவா விஷ்ணு கோயில். ஒரே வளாகத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் தனித்தனிச் சன்னிதி, இருவருக்கும் கோபுரம். ரயில் நேராகப் போகாது. டான்டினாங்கில் இறங்கி ஊபர் பிடித்தால் இருபது நிமிடம் போல ஆகும். நடுப்பகலில் நடை சாத்துவார்கள், நேரத்தைக் கோயில் இணையப் பக்கத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அம்மா சனிக்கிழமை பெருமாள் கோயிலுக்குப் போகிறவர் என்பதால் சனிக்கிழமையே வையுங்கள். காலையில் நேராகக் கோயில். மதியம் டான்டினாங் திரும்பி ஆப்கான் ரொட்டி, சந்தை. சந்தைக்குள் உட்கார இடம் இருக்கிறது, நீங்களும் மகளும் ஃபாஸ்டர் ஸ்திரீட்டைச் சுற்றிவிட்டு வரும்வரை அம்மா அங்கே இருக்கலாம். ஓக்லியைத் திரும்பும் வழியில் சேர்க்காதீர்கள், அதற்குத் தனி நாள் கொடுங்கள். ஸ்பிரிங்வேலையும் ஓக்லியையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம், நடுவில் மூன்று நிலையம்தான். ஸ்பிரிங்வேலில் சாப்பிடுவதாக இருந்தால் ‘சாய்’ என்று கேளுங்கள், வியட்நாமியர் சைவச் சாப்பாட்டை அப்படித்தான் சொல்வார்கள். மீன் சாறு வேண்டாம், முட்டை வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கோயிலுக்குப் போகிற அன்று அம்மாவுக்குக் கனமான காலுறை இரண்டு ஜோடி எடுத்து வையுங்கள். செருப்பைக் கழற்றியதும் ஜூன் மாதத் தரை ஐஸ் மாதிரி ஏறும், தேய்மானம் உள்ள முழங்காலுக்கு அது ஆகாது. ஒன்று நனைந்தாலும் இன்னொன்று இருக்கும்.